அரசியல் சாசனம் எங்கள் வீட்டைக் காலி செய்த விவரம்

அன்புத் தங்கைக்கு அக்கா ஆசியுடன் எழுதும் கடிதம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இவ்விடம் நாங்கள் சுகம். இதே வரியைப் போன கடிதங்களிலும் எழுதியிருந்தேன், அதெல்லாம் மரியாதைக்கு எழுதியது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்துதான் அது நிஜம்.

விஷயம் என்னவென்றால், நம் நாட்டின் அரசியல் சாசனம் நிறைவேறிவிட்டது. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் பார்த்திருப்பாய். பத்திரிகையில் வராததை நான் சொல்கிறேன்: என் சாப்பாட்டு மேசை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இன்று காலை எழுந்ததும் அதைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, மேலே ஒன்றுமே வைக்காமல், எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அத்தான் வந்து, "என்ன பண்றே?" என்றார். "சுதந்திரத்தை அனுபவிக்கிறேன்" என்றேன். நீ மூன்று முறை வருகிறேன் என்று எழுதி, மூன்று முறையும் நான் 'இப்போது வேண்டாம்' என்று பதில் போட்டதில் உனக்கு வருத்தம். 'அக்கா வீட்டுல நாடே குடியிருக்கு, கூடப் பிறந்தவளுக்குக் காலை நீட்ட இடமில்ல' என்று நீ சித்தியிடம் சொன்னதும் என் காதுக்கு வந்தது. சித்தியிடம் சொன்னால் தண்டோரா செலவு மிச்சம் என்று தெரிந்துதானே சொன்னாய்! எனக்குக் கோபமில்லை, ஏனென்றால் நீ சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். படித்து முடித்தபின் உன் மனசு ஆறவில்லை என்றால் அப்புறம் கோபித்துக்கொள்.

ஜெனரல் நாட்டை விட்டு ஓடின அன்று அவருடைய ஆட்கள் சட்டசபைக் கட்டிடத்துக்குத் தீ வைத்துவிட்டுப் போனது உனக்குத் தெரியும். பெரிய மண்டபம் தப்பிவிட்டது, கமிட்டி அறைகள் எல்லாம் கரி. சாசனத்தை எழுத ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள், உட்கார இடமில்லை. 'நம்ம வீட்டுல உட்காரலாமே, ஒரு வாரம்தானே' என்று உன் அத்தான் வாய் விட்டார். அந்த ஒரு வாரம் பத்து மாதம் நடந்தது. குழுவின் தலைவரும் அவர்தான். ஆயுசு பூராவும் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியும் வீட்டில் ஒரு முடிவு எடுத்தறியாத மனுஷர், எதைக் கேட்டாலும் 'பார்ப்போம்'. அதனால்தான் தலைவராக்கினார்களாம். இரண்டு கட்சிக்காரர்களும் இவர் நம் பக்கம் என்று நம்பிவிட்டார்கள்.

அடுத்தவர் வக்கீலய்யா. நாட்டிலேயே பெரிய வக்கீல். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசினாலும் கோர்ட்டே அதிரும். உப்பு வேண்டுமென்றால்கூட மூன்று காரணம் காட்டித்தான் கேட்பார். வெளியூர்க்காரர் என்பதால் மாடி அறை, நீ வந்தால் தங்குவாயே அதே அறை, அவருக்குப் போயிற்று. மூன்றாமவர் பத்திரிகைக்காரர். ஜெனரலைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதிவிட்டு ஏழு வருஷம் உள்ளே இருந்தவர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அவர் இருக்கிற அறையில் கதவைச் சாத்த விடமாட்டார். மழைச் சாரல் உள்ளே அடித்துக் காகிதமெல்லாம் நனைந்தாலும், "திறந்தே இருக்கட்டும்மா" என்பார். நான்காமவர் டாக்டரம்மா. பேச்செல்லாம் ஊசி குத்துகிற மாதிரி, ஆனால் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைத்தவர் அவர் ஒருவர்தான். ஐந்தாமவர் சரித்திரப் பேராசிரியர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர் எதையுமே சுருக்கமாகச் சொன்னதில்லை.

வரி போடும் அதிகாரம் யாருக்கு என்று ஒரு நாள் கேள்வி வந்தது. பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். ஒரு நாட்டில் ராஜா பிரபுக்களைக் கேட்காமல் பணம் பிடுங்கினாராம், அவர்கள் அவரை ஆற்றங்கரைப் புல்வெளிக்கு வரவழைத்துச் சாசனத்தில் முத்திரை வைக்கச் செய்தார்களாம். இன்னொரு நாட்டில், எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம் என்று கப்பலில் வந்த தேயிலையை எல்லாம் கடலில் கொட்டினார்களாம். வீட்டில் டீத்தூள் சுத்தமாகத் தீர்ந்து, யாரைக் கடைக்கு அனுப்புவது என்று நான் முழித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் இதைச் சொல்கிறார். "நல்ல தேயிலையா?" என்று கேட்டேன். "விசாரிக்க வேண்டிய விஷயம்" என்று குறித்துக்கொண்டார். வேறொரு நாட்டில், மனிதருக்கு இன்னின்ன உரிமை என்று அழகாக எழுதி வைத்துவிட்டு நாலு வருஷத்தில் ராஜாவின் தலையை எடுத்தார்களாம். "உயிரோட இருக்கிற உரிமையை எத்தனாவது பக்கத்துல எழுதியிருந்தாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். சட்டம் போடுகிறவர், அதை நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூன்று பேரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே கையில் இருந்தால் நாடு உருப்படாது என்று யாரோ ஓர் அறிஞர் எழுதினாராம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானே சமைத்து, நானே பரிமாறி, உப்பு கம்மி என்று நானே பேச்சும் வாங்கிக்கொண்டிருந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது என்று அவர்கள் சண்டை போட்டபோது நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டேன். ராஜா காலத்துச் சாசனம் 'யாம்' என்று ஆரம்பிக்குமாம். ஜெனரல் போட்ட சட்டம் 'நான்' என்று ஆரம்பித்தது, அது நமக்கே தெரியும். இவர்கள் 'மக்களாகிய நாம்' என்று எழுதினார்கள். யாம், நான், நாம். ஆளுக்கு இரண்டெழுத்துதான். அந்த மூன்றாவது வார்த்தைக்கு வந்து சேர்வதற்குள் நம் ஜனங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு எல்லோருக்கும் இரண்டாவது தடவை டீ கொடுத்தேன்.

அப்புறம்தான் தகராறு வந்தது. எல்லாப் பிரிவும் முடிந்து ஒரே ஒரு பிரிவில் வண்டி மாட்டிக்கொண்டது. ஒருத்தரைப் போலீஸ் பிடித்தால் காரணம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? ஜெனரல் காலத்து உத்தரவு இருக்கிறதே, சந்தேகம் இருந்தால் போதும், யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, எழுதத் தேவையில்லை, எங்கே வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரிவிக்கத் தேவையில்லை என்று. ஜெனரல் போனாரே தவிர அது போகவில்லை. புதுச் சட்டம் வருகிற வரைக்கும் பழைய சட்டம்தானாம். வக்கீலய்யா அதையே வரிக்கு வரி தன் கையால் எழுதி, புதுச் சாசனத்தில் சேர்க்க வேண்டும் என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. ஜெனரல் ஓடின வாரம் கலவரம் நடந்ததே, அதில் அவருடைய அண்ணன் கடையைக் கும்பல் கொளுத்தியது. தெருமுனையில் நின்ற போலீஸ், ஜெனரல் போனபின் பழைய உத்தரவு செல்லுமா என்று தெரியாமல், மேலிடத்துக் காகிதம் வரணும் என்று பார்த்துக்கொண்டே நின்றது. அண்ணன் பிழைத்துவிட்டார், இரண்டு கையும் வெந்துபோயிற்று. தம்பி மனசில் அந்தத் தீ இன்னும் அணையவில்லை. பத்திரிகைக்காரரோ, அந்த உத்தரவின் ஒரு வரிகூட உள்ளே வரக் கூடாது என்றார். டாக்டரம்மா அவர் பக்கம். பேராசிரியர் வக்கீலய்யா பக்கம், ஆபத்துக் காலத்தில் எந்தெந்த நாடு யார் யாரைப் பிடித்து வைத்தது என்று கால் மணி நேரம் சொன்னார். இரண்டுக்கு இரண்டு. மிச்சம் இருந்தது உன் அத்தான். என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறாய்? பார்ப்போம்!

கடைசியில் ஒரு சாயங்காலம் சண்டை முற்றிப்போச்சு. "சந்தேகப்பட்டவனைக் கொஞ்ச நேரம் உட்கார வச்சா என்னய்யா குடி முழுகிப் போகுது? தப்புப் பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்று வக்கீலய்யா மேசையைத் தட்டினார். அதில் என் பூச்சாடி விழுந்து உடைந்தது, அதை யாரும் குறிப்பில் ஏற்றவில்லை. பத்திரிகைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு நாள் உள்ள இருந்துட்டு வந்து இதே வார்த்தையைச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். வக்கீலய்யா முகம் சிவந்து மாடிக்குப் போய்விட்டார். சாப்பாட்டை மட்டும் மேலே அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலை ஆளைக் காணோம்! டிபன் நேரம் ஆச்சு, வரல. கோபமா ஊருக்குப் போயிட்டாருன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நல்லதாப் போச்சு. இப்பவே ஓட்டு எடுத்துடலாம், ரெண்டுக்கு ஒண்ணு, வேலை முடிஞ்சுது" என்றார். பேராசிரியர்கூட எதிர்க்கல, அவருக்கும் வீட்டு ஞாபகம் வந்துடுச்சு போல. பத்திரிகைக்காரர்தான் எழுந்து நின்னு, "முடியாது" என்றார். "என்னங்க முடியாது? நம்ம பக்கம்தானே ஜெயிக்கும்?" என்றார் டாக்டரம்மா. "பாதி மெம்பர்களை வீட்டோட அடைச்சு வச்சிட்டு, மீதிப் பேரை வச்சுத்தான் ஜெனரல் அந்த உத்தரவையே நிறைவேத்தினாரு. ஆள் இல்லாத நேரத்துல ஓட்டு எடுத்து வர்ற சட்டம் எனக்கு வேணாம். அவரு வரட்டும். வந்து திட்டட்டும். அப்புறம் ஓட்டு" என்று சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். எனக்கு அந்த மனுஷர் மேல அன்னைக்குத்தான் முதல் தடவையா மரியாதை வந்தது, அதுவரைக்கும் கதவு விஷயத்துல உள்ளுக்குள்ள கறுவிக்கிட்டுத்தான் இருந்தேன்.

நான் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். போனா, மதில் ஓரத்துல நான் பிள்ளை மாதிரி வளர்த்த ரோஜாச் செடி எல்லாம் யானை மிதிச்ச மாதிரி கிடக்கு! அதுக்கு நடுவுல ஒத்தைச் செருப்பு. வக்கீலய்யாவோட வீட்டுச் செருப்பு. கோபமா ஊருக்குப் போறவர் கோட்டு, ஷூ, பெட்டி எல்லாத்தையும் மாடியில விட்டுட்டு, ஒத்தைக் கால்ல செருப்போட மதில் ஏறிக் குதிச்சா போவார்? செருப்பை எடுத்துட்டு வந்து மேசை மேல, அந்தச் சாசனக் காகிதத்துக்குப் பக்கத்துலயே வச்சேன். எல்லாரும் அதையே பார்த்தாங்க.

நடந்தது என்னன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது. விடிஞ்சும் விடியாம வாக்கிங் போறது வக்கீலய்யா வழக்கம். குழுவுக்காக வாசல்ல போட்டிருந்த காவல்காரங்க அன்னைக்கு முறை மாறினதுல, பழைய ஆள் கேட் சாவியைச் சட்டைப்பையிலேயே போட்டுட்டுப் போயிட்டான். எந்தத் தடையையும் ஒப்புக்காத மனுஷராச்சே, பைஜாமாவும் பனியனுமா, குளிருக்குத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, நடந்துக்கிட்டே படிக்கலாம்னு அந்தப் பிரிவை எழுதின காகிதத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பின்மதிலை ஏறிக் குதிச்சிருக்கார். அந்தப் பக்கம் குதிச்ச இடத்துல ஒரு சப்-இன்ஸ்பெக்டர். வேற ஊர்ல இருந்து மாத்தலாகி அன்னைக்குத்தான் வந்தவர்.

"யாருய்யா நீ?"

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"அதைத்தான்யா நானும் கேக்கறேன். கையில என்ன?"

"அதெல்லாம் காட்ட முடியாது. அரசாங்க ரகசியம்!"

இதுக்கு மேல ஒரு போலீஸ்காரருக்கு என்ன வேணும், நீயே சொல்லு. ஜீப்புல ஏத்திட்டாங்க.

இது தெரியாம உன் அத்தான் ஒவ்வொரு ஸ்டேஷனா போன் போட்டார். "நான் அரசியல் சாசனக் குழுவோட தலைவர் பேசறேன்." "சாசனமா? பத்திரம் பதியற ஆபீஸ் அடுத்த தெருங்க" என்று ஒருத்தர் வச்சிட்டார். இன்னொருத்தர், "அப்படி ஒரு ஆள் இங்க இருந்தாலும் சொல்லக் கூடாது, இல்லேன்னாலும் சொல்லக் கூடாதுங்க. உத்தரவு" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். மந்திரி ஏதோ பாலம் திறக்கப் போயிட்டாராம். உன் அத்தான் போனைக் கீழே வச்சிட்டு, நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். பார்ப்போம்னுகூடச் சொல்லல. வக்கீலய்யாவுக்கு ரத்தக் கொதிப்பு வேற, மாத்திரை எல்லாம் மாடியிலேயே கிடக்கு.

பத்திரிகைக்காரர் என்கிட்ட வந்தார். "அம்மா, ஒரு சட்டை, ஒரு துண்டு, சோப்பு, அவரு மாத்திரை, எல்லாத்தையும் ஒரு மூட்டையாக் கட்டிக் கொடுங்க" என்றார். எதுக்குன்னு கேட்டேன். "ஒவ்வொரு ஸ்டேஷனா கொண்டு போய்க் கொடுப்போம். ஆளு உள்ள இல்லேன்னா மூட்டையைத் திருப்பிக் கொடுத்துடுவான். இருந்தா வாங்கிப்பான். வாயால சொல்லக் கூடாதுன்னுதான் உத்தரவு, கைக்கு உத்தரவு கிடையாது. என் சம்சாரம் என்னை அப்படித்தான் கண்டுபிடிச்சா" என்றார். வக்கீலய்யா பெட்டி பூட்டியிருந்தது, அதனால உன் அத்தான் சட்டையையே வச்சுக் கட்டினேன். நானும் கூடவே கிளம்பிட்டேன். அந்த மனுஷர் முகத்தைப் பார்த்த பிறகு தனியா அனுப்ப மனசு வரல.

டாக்ஸி பிடிச்சுப் போனோம். முதல் ஸ்டேஷன்ல மூட்டையை அவிழ்த்துக்கூடப் பார்க்காம, "எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். ரெண்டாவதிலும் அப்படியே. மூணாவது ஸ்டேஷன், அங்கிருந்து ரெண்டு தெரு தள்ளி, நாம துணி வாங்குவோமே அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னாடி. கான்ஸ்டபிள் மூட்டையைக் கையில வாங்கினார், எடை பார்க்கிற மாதிரி ஒரு தடவை தூக்கினார், ஒண்ணும் பேசாம உள்ளே எடுத்துட்டுப் போயிட்டார். திரும்பி வரல. நான், "அப்பாடா, கிடைச்சிட்டாரு!" என்று திரும்பினா, பத்திரிகைக்காரர் படியில உட்கார்ந்திருக்கார். கதவு பக்கம் திரும்பவே மாட்டேங்கறார். கொஞ்ச நேரம் நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். வேற எனக்கு என்ன தெரியும்?

உன் அத்தானும் வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டர் தங்கமான மனுஷர். நாற்காலி எல்லாம் போட்டார். ஆனா விடமாட்டேன்னுட்டார். "சார், நான் சந்தேகப்படறதுக்குக் காரணம் இருக்கு" என்று வக்கீலய்யா கையில இருந்து பிடுங்கின காகிதத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க. எங்க டிபார்ட்மென்ட் உத்தரவு. ஒரு எழுத்து மாறல. இதை ஏன் இவரு திருட்டுத்தனமா கையால காப்பி எடுத்து, விடியக்காலையில மதில் ஏறிக் கொண்டு போறாரு? எந்த நாட்டுக்கு விக்கறாரு?" உன் அத்தான், "ஐயா, அது நாங்க எழுதற சாசனம்" என்றார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க எழுதற சாசனமா? இதை ஜெனரல் எப்பவோ எழுதிட்டாரே சார்!" உள்ளே இருந்து வக்கீலய்யா சத்தம் வந்துக்கிட்டே இருந்தது, நடுவுல சட்டுனு நின்னு போச்சு. இதைக் கேட்டுட்டார் போல.

சரி, விடறதுக்கு என்ன வழின்னு கேட்டா, பிடிச்சவரே வந்து விடணுமாம். பிடிச்ச சப்-இன்ஸ்பெக்டர் எங்கே? அக்கா கல்யாணத்துக்குப் போயிருக்காராம், காலையிலதான் வருவாராம். ஜட்ஜுகிட்டப் போகலாம்னா, அந்த உத்தரவுப்படி ஜட்ஜுக்கே கேக்கற அதிகாரம் கிடையாதாம். நாட்டுக்கே சட்டம் எழுதற ரெண்டு பேர் அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. வீட்டுக்குப் போகலாம்னு நாங்க எழுந்தப்ப பத்திரிகைக்காரர் வரமாட்டேன்னுட்டார். "வெளியில ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்னு உள்ள இருக்கறவனுக்குத் தெரியணும்மா. அது போதும்" என்றார். காலையில நாங்க திரும்பப் போனப்ப, அந்தச் சின்ன ஜன்னலுக்குக் கீழே சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தார். உள்ளே இருந்து வக்கீலய்யா குரல். கோர்ட்டுக் குரல் இல்ல. ரொம்பச் சன்னமா, அண்ணனோட கையைப் பத்தி ஏதோ சொல்லிக்கிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ரெண்டு பேரும் நிறுத்திட்டாங்க. ராத்திரி பூராவும் என்ன பேசினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் சொல்லல, நானும் கேக்கல.

சப்-இன்ஸ்பெக்டர் கல்யாணக் களைப்போட வந்தார். வக்கீலய்யாவை மேலும் கீழும் பார்த்தார். "இவரை எதுக்குப் பிடிச்சேன்?" என்று எங்ககிட்டயே கேக்கறார்! இன்ஸ்பெக்டர், "நீங்கதானய்யா பிடிச்சீங்க" என்றார். "நாலு பேரைப் பிடிச்சேன் சார், யாரை எதுக்குன்னு ஞாபகம் இல்ல. காரணம் எழுத வேணாம்னு உத்தரவு, அதனால எழுதல. எழுதலேன்னா எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று தலையைச் சொறிஞ்சார். அப்புறம் வக்கீலய்யாவைப் பார்த்து, "நீங்க என்ன தப்புப் பண்ணீங்கன்னு உங்களுக்காவது தெரியுமா சார்?" என்றார். எவ்வளவு பெரிய வக்கீல்! வாதாடாம விட்ட ஒரே கேள்வி அதுதான். பொத்தான் போட முடியாத என் வீட்டுக்காரர் சட்டையில, ஒத்தைச் செருப்போட, தெரியாதுன்னு தலையை மட்டும் ஆட்டினார். விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனார். கதவு சாத்தற சத்தம் வரும்னு கீழே நின்னு காத்திருந்தேன். வரல.

குளிச்சு, சாப்பிட்டு, மத்தியானம் மேசைக்கு வந்தார். பேராசிரியரால சும்மா இருக்க முடியல, "அந்த ஆற்றங்கரைப் புல்வெளியில் பிரபுக்கள்..." என்று ஆரம்பிச்சார். "பிரபுக்களுக்கு ரெண்டு கால்லயும் செருப்பு இருந்ததுய்யா, சும்மா இருங்க" என்றார் வக்கீலய்யா. அவ்வளவுதான், டாக்டரம்மா சிரிச்சார், எல்லாரும் சிரிச்சாங்க, வக்கீலய்யாவும் சிரிச்சார், எனக்கு மட்டும் ஏனோ கண்ணுல தண்ணி. அவர் தன் காகிதத்தைக் குறுக்கே அடிச்சிட்டுப் புதுசா எழுத ஆரம்பிச்சார். பிடிச்சா காரணத்தைச் சொல்லணும், எழுத்துல எழுதணும், ஜட்ஜு முன்னாடி உடனே நிறுத்தணும்னு பத்திரிகைக்காரர் சொன்னதை எல்லாம் ஒத்துக்கிட்டார். ஆனா உடனேங்கற வார்த்தைக்கு மட்டும் சண்டை! "உடனேன்னா எப்பய்யா? அந்தாளு கல்யாணத்துல சாப்பிட்டுட்டு வந்ததும் உடனேதான் விட்டான். ஒரு நாளுக்குள்ளன்னு போடுங்க" என்று மறுபடியும் மேசையைத் தட்டினார். நல்லவேளை, பூச்சாடி ஏற்கெனவே உடைஞ்சாச்சு. குடும்பத்துக்கு அன்னைக்கே சொல்லியாகணும்னு ஒரு வரியைப் பத்திரிகைக்காரர் சேர்த்தார். அப்புறம் அவரே, யாரும் கேக்காம, "கலவரம் நடக்கற இடத்துல போலீஸ் காகிதம் வரட்டும்னு கை கட்டி நிக்க வேணாம். முதல்ல பிடிக்கட்டும், அப்புறம் பதில் சொல்லட்டும். அதையும் எழுதுங்க" என்றார். வக்கீலய்யா அதை வரிக்கு வரி தன் கையால எழுதினார். அஞ்சு பேர் ஓட்டும் ஒரே பக்கம். உன் அத்தான் 'பா' என்று வாயைத் திறந்தார், நான் சமையல்கட்டு வாசல்ல கரண்டியோட நிக்கறதைப் பார்த்தார், "சரி" என்றார்.

நேற்றுச் சட்டசபை மண்டபத்தில் பார்வையாளர் வரிசையில் எனக்கும் ஓர் இடம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பத்திரிகைக்காரர் மனைவி. அந்தப் பிரிவு வந்தபோது ஒரு மெம்பர் எழுந்து, "குடும்பத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும் என்று எந்த நாட்டுச் சாசனத்தில் பார்த்து எழுதினீர்கள்?" என்று கேட்டார். பேராசிரியர் பாதி எழுந்துவிட்டார். வக்கீலய்யா அவர் கோட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "எங்கேயும் பார்க்கல. இது நம்ம சொந்தச் சரக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைகள் எல்லாம் உயர்ந்தன. கைதட்டல் அடங்கிய பிறகு அந்த அம்மா என் காதருகில் குனிந்து சொன்னாள்: "இவரு விடுதலையாகி வந்த பிறகும் ஒரு மூட்டையைக் கட்டிக் கதவுக்குப் பின்னாடியே வச்சிருந்தேன், எப்ப வேணாலும் வந்து பிடிச்சிட்டுப் போவாங்கன்னு. இன்னைக்கு வீட்டுக்குப் போய் அவிழ்த்துடலாம், இல்ல?" "அவிழ்த்துடுங்க" என்றேன். "அந்தத் துண்டு நல்ல துண்டு" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதோம், பத்திரிகைப் படத்தில் மூலையில் தெரியும், நாங்கள் சிரிப்பது போல விழுந்திருக்கிறது.

இவ்வளவுதான் நடந்தது. எல்லோரும் நேற்றே மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். ஆகையால், அன்புத் தங்கையே, இந்தக் கடிதம் கண்டதும் குடும்பத்தோடு கிளம்பி வா. மாடி அறையைக் கழுவி, புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. வீட்டில் ஒரு சத்தம் இல்லை, ஒரு வேற்று ஆள் இல்லை, அவ்வளவு நிம்மதி. உன் வீட்டுக்காரருக்கு எங்கள் அன்பைச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் அஞ்சாமல், வாய் நிறையப் பேசி வளரட்டும். சித்தியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஊருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
எந்நாளும் உன் நலம் நாடும்
அக்கா

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் உன் அத்தான் வந்து சொன்னார். சாசனப்படி நாட்டுக்கு ஓர் உச்ச நீதிமன்றம் வேண்டுமாம், அது இந்தத் திங்கட்கிழமையே தொடங்கியாக வேண்டுமாம், கட்டிடம்தான் இன்னும் கட்டவில்லையாம். ஏழு நீதிபதிகள், அவர்களுடைய குமாஸ்தாக்கள், வழக்குக்கு வருகிற ஜனங்கள் எல்லோரும் நம் கூடத்திலேயே உட்காரட்டும் என்று என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாடி அறையில் தலைமை நீதிபதி. ஆகவே உறவுக்காரியாக வந்தால் உனக்கு நிற்கக்கூட இடமில்லை. யார் மேலாவது ஒரு வழக்குப் போட்டுவிட்டு வா, நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். வேறு ஆள் தேட வேண்டாம், என் மேலேயே போடு.